கோடைப் பள்ளியா, இன்டர்ன்ஷிப்பா, மாநாடா? வானியலில் ஏஐ கற்க நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

வானியலில் ஏஐ பயிற்சி எடுக்க எங்கே போவது என்று கேட்பவர்கள் நம் பக்கத்திலும் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் மூன்று வகையினர். தருமபுரியில் பிஎஸ்சி இயற்பியல் படிக்கும் மாணவருக்குக் கோடைப் பள்ளியா, இணையப் படிப்பா என்ற குழப்பம். பர்கூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவருக்குக் கோடிங் வரும், வானியல் தெரியாது. மாநாட்டில் ஒரு பேப்பர் போட்டால் நல்லதா என்று கேட்கிறார். மூன்றாமவர் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஆசிரியை. தானும் கற்று மாணவர்களுக்கும் சொல்லித்தர நினைக்கிறார், ஆனால் கோடை விடுமுறையைத் தவிர நேரம் கிடையாது.

கேள்வி நியாயமானது. 2017 டிசம்பரில் கெப்ளர் தொலைநோக்கியின் பழைய தரவிலிருந்து கெப்ளர்-90ஐ என்ற கோளைக் கண்டுபிடித்தது ஒரு நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல். கிறிஸ்டோபர் ஷாலூ, ஆண்ட்ரூ வாண்டர்பர்க் இருவரும் மனிதர்கள் ஏற்கெனவே வகைப்படுத்தி வைத்திருந்த சுமார் 15,000 சமிக்ஞைகளைக் கொண்டு அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. அதன் கேமரா 3,200 மெகாபிக்சல், ஓர் இரவுக்கு ஏறத்தாழ 20 டெராபைட் தரவு. இவ்வளவையும் மனிதக் கண்ணால் பார்த்து முடிக்க முடியாது. நம் நாட்டிலும் மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் வரப்போகும் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ-இந்தியா, பல நாடுகள் சேர்ந்து கட்டும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு ஒதுக்கிய 1,250 கோடி ரூபாய் எல்லாம் இதே திசையில்தான் போகின்றன. ஆட்கள் தேவைப்படும் துறை இது.

ஆனால் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியும் விலை ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் விலை வேறு. அதனால் எதை வைத்து எடைபோடப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: நீங்கள் செய்த வேலையை விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவாரா? சான்றிதழ் கிடைக்குமா என்பது அடுத்த கேள்விதான். நம் மாவட்டங்களில் ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் பஞ்சமில்லை. கிடைக்காதது இந்தத் திருத்தும் கைதான். ஒரு கல்லூரியில் வானியல் ஆய்வு செய்பவர் ஒருவர்கூட இல்லாதபோது, தன் மாடல் சரியாக ஓடுகிறதா, ஓடுவதுபோல் ஏமாற்றுகிறதா என்று மாணவரால் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, மொத்தச் செலவு. பதிவுக் கட்டணம் மட்டும் இல்லை. போகவர, தங்க, சாப்பிட, லேப்டாப், இணையம், அந்த வாரங்களில் விட்டுப்போகும் பகுதிநேர வேலையின் வருமானம் எல்லாம் சேர்த்துத்தான்.

மூன்றாவது, காலம். இரட்டைப்படை செமஸ்டர் தேர்வுகள் ஏப்ரல், மே மாதங்களில் வருகின்றன. பல கோடைத் திட்டங்களும் மே மாதம்தான் தொடங்கும். தேர்வு தள்ளிப்போனால் கிடைத்த இடமும் போய்விடும்.

நான்காவது, தகுதி. எந்த ஆண்டு, எந்தப் பாடம், எவ்வளவு மதிப்பெண், அரியர் இருந்தால் ஏற்பார்களா என்பவை.

ஐந்தாவது, வானியலும் ஏஐ-யும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. பெயரில் இரண்டும் இருந்து, உள்ளே ஒன்று மட்டும் இருப்பது சகஜம்.

வழி 1: வீட்டிலிருந்தே, திறந்த தரவோடு

பலர் இதைக் கடைசி வழியாக நினைக்கிறார்கள். நான் முதல் வழியாகச் சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லா வழிகளின் வாசலும் இதைத் தாண்டித்தான் இருக்கிறது.

அடிப்படைக்கு, ஐஐடி-கள் நடத்தும் இலவச இணையப் பாடத் தளமான என்பிடெல் போதும். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரனின் மெஷின் லேர்னிங் (தரவிலிருந்து கணினி கற்கும் முறை) பாடம் அதில் இருக்கிறது. பார்க்கவும் பயிற்சிகள் செய்யவும் காசு இல்லை. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய், பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. வானியலும் தரவும் கலந்த பாடம் வேண்டுமென்றால் சிட்னி பல்கலைக்கழகத்தின் 'டேட்டா டிரிவன் அஸ்ட்ரானமி' கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது. பல்சார் (சுழன்றபடியே சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் இறந்த நட்சத்திரம்) படங்களை அடுக்கிச் சராசரி எடுப்பதில் தொடங்கி, இரண்டு வான்பட்டியல்களை ஒப்பிட்டுப் பொருத்துவது, தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்கியூஎல் மொழி, டிசிஷன் ட்ரீ என்ற வகைப்படுத்தும் முறையைக் கொண்டு விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்துவது என்று போகும். பிஎஸ்சி மாணவருக்கு அளவெடுத்துத் தைத்த பாடம் அது. சான்றிதழுக்குப் பணம் கேட்பார்கள். நிதி உதவிக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

பாடம் பார்ப்பதோடு நின்றால் பயன் பாதிதான். தரவில் கை வைக்க வேண்டும். இங்கே ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்தப் பயிற்சி தரமானது என்பதை அளக்கவும் இது உதவும்.

ஹெச்டிஆர்யூ2 என்ற தரவுத்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி எடுத்த கணக்கெடுப்பில் பல்சாராக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட 17,898 சமிக்ஞைகள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எட்டு எண்கள். உண்மையான பல்சார்கள் 1,639 மட்டுமே. மற்றவை நம் செல்போன், ரேடார் போன்றவற்றின் இரைச்சல். சின்ன ஃபைல்தான், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். சொந்த லேப்டாப் இல்லையென்றால், எந்தக் கணினியின் பிரவுசரிலும் கோடிங் ஓட்ட உதவும் கூகுள் கோலேப் இருக்கிறது.

இப்போது, எதைக் கொடுத்தாலும் "இது பல்சார் இல்லை" என்று மட்டும் சொல்லும் ஒரு முட்டாள் புரோகிராமை எழுதிப் பாருங்கள். அது கிட்டத்தட்ட 91 சதவீதம் சரியான விடை சொல்லும்! ஒரு பல்சாரைக்கூடக் கண்டுபிடித்திருக்காது. 'அக்யூரசி 91 சதவீதம்' என்று பெருமையாக எழுதும் எத்தனையோ கல்லூரி புராஜெக்ட்டுகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. உண்மையில் கேட்க வேண்டியது, இருந்த பல்சார்களில் எத்தனையைப் பிடித்தது, பிடித்தவற்றில் எத்தனை நிஜம் என்ற இரண்டையும்தான். வானியலில் தேடும் பொருள் எப்போதுமே அரிதாக இருக்கும், இரைச்சல் மலைபோல் இருக்கும். அதனால் பொதுவான ஏஐ பாடத்தில் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும் விஷயம் இங்கே நடுநாயகமாகிவிடுகிறது. ஒரு பயிற்சி வகுப்பு இதைப் பற்றிப் பேசாமலே முடிந்தால் அதில் வானியல் பெயருக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே போல இன்னொரு பொறி உண்டு. ஒரே நட்சத்திரத்தின் ஒளி அளவீடுகள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் கலந்துவிட்டால், மாடல் அந்த நட்சத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு இதைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. இந்த வழியின் மறைமுகச் செலவு அதுதான்: பணம் போகாது, ஆனால் தவறு மாதக்கணக்கில் தவறாகவே தங்கிவிடலாம்.

அடுத்தபடியாக, தரவுப் போட்டிகள் நடத்தும் கேகிள் தளத்தில் 2013-14இல் நடந்த கேலக்ஸி ஜூ போட்டியின் படங்கள் கிடைக்கின்றன. 60,000-க்கு மேற்பட்ட விண்மீன் மண்டலப் படங்கள், அவற்றின் வடிவம் பற்றிப் பொதுமக்கள் அளித்த வாக்குகளோடு. அந்தப் போட்டியில் முதலிடம் பிடித்தவர் சாண்டர் டீலெமன். விண்மீன் மண்டலத்துக்கு மேல் கீழ் என்பது கிடையாது, படத்தை எப்படிச் சுழற்றினாலும் அதே மண்டலம்தான் என்பதைத் தன் நெட்வொர்க்குக்குள்ளேயே பயன்படுத்திக்கொண்டார். இயற்பியல் தெரிந்தவருக்கு இப்படிப்பட்ட யோசனைகள் தோன்றும். பிஎஸ்சி மாணவர்கள் கோடிங் மாணவர்களைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டுத் தரவும் உண்டு. ஆதித்யா-எல்1 போன்ற இஸ்ரோ விண்கலங்களின் தரவு இஸ்ரோவின் பிரதான் என்ற இணையதளத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கி வைத்திருக்கிறது.

வழி 2: கோடைப் பள்ளிகளும் பயிலரங்குகளும்

புனேயில் உள்ள வானியல் ஆய்வு நிறுவனங்களான ஐயூக்காவும் (IUCAA) என்சிஆர்ஏ-வும் (NCRA) சேர்ந்து நடத்தும் வானியல் அறிமுகக் கோடைப் பள்ளி இந்த வகையில் பேர் பெற்றது. சில வாரங்கள் நடக்கும், நாட்டின் நல்ல வானியலாளர்கள் பாடம் எடுப்பார்கள். புத்தாண்டு தாண்டியதும் அவர்கள் தளத்தை அடிக்கடி பார்த்துவர வேண்டும். இது ஏஐ பள்ளி இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். அடித்தளம் வானியல்தான், தரவு, கணினி எல்லாம் அதன் துணைக்கு வரும். கோடிங் தெரிந்து வானியல் தெரியாத பர்கூர் மாணவருக்கு அதுவே லாபம்.

பெங்களூருவில் ஐசிடிஎஸ் (ICTS) என்ற ஆய்வு மையம் ஆண்டுதோறும் ஈர்ப்பலை வானியலுக்குக் கோடைப் பள்ளி நடத்துகிறது. கொஞ்சம் கனமான பாடம், எம்எஸ்சி-க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் ஒத்துவரும். ஆனால் அவர்களின் உரைகள் யூடியூபில் முழுதாகக் கிடைக்கின்றன. இடம் கிடைக்காதவரும் பார்க்கலாம்.

இத்தாலியின் டிரியஸ்ட் நகரில் 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கிய சர்வதேச இயற்பியல் மையமான ஐசிடிபி-யின் (ICTP) பள்ளிகளுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. வளரும் நாடுகளிலிருந்து தேர்வாகும் சிலருக்குப் பயண உதவியும் தருகிறார்கள். முனைவர் பட்ட மாணவர்கள், இளம் ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கோடைப் பள்ளியின் பலம் சக மாணவர்கள். நம் ஊரில் இந்தத் துறையில் பேச ஆள் கிடைக்காதவருக்கு, ஒரே மேசையில் அதே பைத்தியத்தோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பது பெரிய தெம்பு. பலவீனம், வேகம். நிறைய உரைகள், குறைந்த நேரம். நீங்கள் எழுதிய கோடிங்கை ஒருவர் வரி வரியாகப் பார்க்க அங்கே வாய்ப்பு குறைவு. பைத்தான் கணினி மொழியே தெரியாமல் போனால் செய்முறை நேரம் முழுவதும் சாஃப்ட்வேர் நிறுவுவதிலேயே கழிந்துவிடும். போகும் முன் வானியலுக்கான ஆஸ்ட்ரோபை, மெஷின் லேர்னிங்குக்கான சைக்கிட்-லேர்ன் என்ற இரண்டு பைத்தான் தொகுப்புகளையும் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வழி 3: ஆய்வு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்

திருத்தும் கை முழுதாகக் கிடைப்பது இங்கேதான். ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம், ஒரே பிரச்சினை, வாரந்தோறும் கேள்வி கேட்பார். என் எடைக்கல்லில் கனமான வழி இது. கிடைப்பதும் அந்த அளவுக்குக் கடினம்.

எல்லோருக்கும் திறந்திருக்கும் பெரிய கதவு, மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை. பெங்களூருவின் இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியின் இன்சா, பிரயாக்ராஜின் நாசி ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம். மாணவர்கள் மட்டுமின்றி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருவார்கள். விண்ணப்பம் பொதுவாக அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரில் போட வேண்டும். கோடைக்கு என்ன செய்யலாம் என்று நம் மாணவர்கள் மார்ச்சில் யோசிக்கிறார்கள். அதற்குள் இந்தக் கதவு மூடியிருக்கும். ஐயூக்காவின் விடுமுறை மாணவர் திட்டம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ராமன் ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் திட்டங்களும் தனித்தனியாக உண்டு.

விண்ணப்பத்தில் எழுதும் அரைப் பக்கம்தான் தலையெழுத்து. "சிறு வயது முதல் நட்சத்திரங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் கட்டுக்கட்டாக வரும், எதுவும் தனித்துத் தெரியாது. அதற்குப் பதில் "ஹெச்டிஆர்யூ2 தரவில் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வகைப்படுத்தும் முறையை ஓட்டிப் பார்த்தேன், தவறவிட்ட பல்சார்களைத் தனியே எடுத்து அவற்றின் எட்டு எண்களையும் பார்த்தேன், அவை ஏன் இரைச்சல்போல் தெரிந்தன என்பதற்கு என் ஊகம் இது" என்று எழுதி, கோடிங்கின் இணைப்பையும் கொடுத்தால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். முதல் வழியை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

நம் மாணவர்கள் தடுமாறும் சில நடைமுறைச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். பரிந்துரைக் கடிதம் கடைசி நாளில் ஹெச்ஓடி-யிடம் ஓடிப்போய்க் கேட்கக்கூடிய விஷயம் இல்லை. பல திட்டங்களில் ஆசிரியருக்கே நேரடியாக மெயில் போகும். அவர் அதைத் திறந்து நிரப்பினால்தான் விண்ணப்பம் முழுமையாகும். இரண்டு வாரம் முன்பே சொல்லி, நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவருக்கும் எழுத விஷயம் கிடைக்கும். அப்புறம், இனிஷியல். படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று நிற்கும். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி இருந்தால் உதவித்தொகை வரும்போது சிக்கல். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

மறைமுகச் செலவு தங்குமிடம்தான். சில இடங்களில் விடுதி தருவார்கள், சில இடங்களில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பெங்களூருவில் பிஜி-யில் தங்கினால் முன்பணமும் கேட்பார்கள். உதவித்தொகை பெரும்பாலும் பிறகுதான் கைக்கு வரும், முதல் மாதம் கைக்காசில்தான் ஓட்ட வேண்டும்.

இந்த இடத்தில் நம் மாவட்டங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து 40. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லாவிட்டாலும் பஸ் எந்நேரமும் இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கோரமங்களாவில் இருக்கிறது, சில்க் போர்டு, மடிவாளா பக்கம் இறங்கினால் கிட்டத்தில். ஓசூர்க்காரர்கள் முயன்றால் வீட்டிலிருந்தே போய்வரலாம். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாக ரயில் உண்டு, ஆனால் தினமும் போய்வர முடியாது. ஐசிடிஎஸ் நகரத்தின் மறு கோடியில், ஹெசரகட்டா பக்கம். அங்கே போவதென்றால் தங்கித்தான் ஆக வேண்டும். பெங்களூரு நேரு கோளரங்கத்தில் இளநிலை மாணவர்களுக்கு ரீப் என்ற பெயரில் வார இறுதி இயற்பியல் வகுப்புகள் நடக்கின்றன. கல்லூரியை விடாமல் ஆய்வுச் சூழலைப் பழக ஓசூர் மாணவருக்கு நல்ல வழி.

காவலூரையும் மறக்கக் கூடாது. ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் தாண்டி ஆலங்காயம் பக்கம், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவு செய்த ஆய்வகங்களில் காவலூர் ஆய்வகமும் ஒன்று. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். தரவு எங்கிருந்து வருகிறது, மேகமும் நிலவொளியும் அதை எப்படிக் கெடுக்கின்றன என்று நேரில் பார்த்தவருக்கு எக்செல் தாளில் உள்ள எண்கள் வேறு மாதிரி தெரியும். ஏஐ பயிற்சிக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வருவது எந்தப் பயிலரங்குக்கும் குறைந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

வழி 4: மாநாடுகள்

மாநாடு கற்றுக்கொள்ளும் இடம் என்பதைவிட, செய்ததைக் காட்டும் இடம். இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

1972இல் தொடங்கிய இந்திய வானியல் சங்கம் ஆண்டுக்கொரு கூட்டம் நடத்துகிறது. நாட்டின் வானியலாளர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் கூடும் நாட்கள் அவை. முதன்மைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் பயிலரங்குகள் நடக்கும். மெஷின் லேர்னிங்கும் அவற்றில் இடம் பெற்றிருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருக்கும்: 2023இல் இந்தூர், 2024இல் பெங்களூரு, 2025இல் ரூர்கேலா. பெங்களூருவில் நடக்கும் ஆண்டு நமக்குப் பஸ் செலவோடு முடியும். ஒடிசாவின் ரூர்கேலா என்றால் நீண்ட ரயில் பயணம், கணக்கு மாறும். சில மாதம் முன்பே ஆய்வுச் சுருக்கம் கேட்பார்கள். போஸ்டருக்கு இடம் கிடைத்தால் கண்டிப்பாகப் போகலாம். போஸ்டர் முன் நிற்கும் ஒரு மணி நேரத்தில் உங்கள் வேலையைத் தொட்டு நாலு நிபுணர்கள் கேள்வி கேட்பார்கள். அது திருத்தும் கைக்கு மிக அருகில் வரும். கையில் எதுவும் இல்லாமல் வெறும் பார்வையாளராகப் போனால், உரைகள் ஓடும் வேகத்தில் முதல் தடவை போகிறவருக்கு அதிகம் பிடிபடாது.

வெளிநாட்டில், மெஷின் லேர்னிங்கின் பெரிய மாநாடான ஐசிஎம்எல்-லோடு ஒட்டி வானியலுக்கான மெஷின் லேர்னிங் பயிலரங்கு 2022இல் பால்டிமோரிலும் 2023இல் ஹொனலுலுவிலும் நடந்தது. அதே துறையின் நியூரிப்ஸ் மாநாட்டில் இயற்பியல் அறிவியலுக்கான பயிலரங்கு உண்டு, சிறு கட்டுரைகளை அங்கே ஏற்பார்கள். வானியல் மென்பொருளுக்கென்றே அடாஸ் மாநாடு 1991 முதல் நடந்துவருகிறது. இவை முனைவர் பட்ட நிலைக்கு உரியவை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு மட்டும் 90 யூரோ; அதோடு பயணக் காப்பீடு, வங்கி இருப்புக் காட்டுவது, நேர்காணலுக்குச் சென்னை, பெங்களூரு அலைவது எல்லாம் சேரும். விசா மறுத்தால் கட்டணம் திரும்பாது. இளநிலை மாணவருக்கு இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. ஏற்கப்பட்ட கட்டுரைகள் பெரும்பாலும் ஆர்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், வீட்டிலிருந்தே படிக்கலாம்.

வழி 5: பணம் கட்டினால் கிடைக்கும் சான்றிதழ்

வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் சுற்றுவது இதுதான். 'விண்வெளி ஏஐ இன்டர்ன்ஷிப்', 'சர்வதேச மாநாடு, பேப்பர் வெளியீடு உறுதி' என்று வரும். கட்டணத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி, பதிப்புக்குத் தனிப் பணம், சான்றிதழை அனுப்பத் தனிப் பணம் என்று நீளும். அப்பா மாங்காய்த் தோட்டத்தில் கூலிக்குப் போய்ச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சோதிப்பது எளிது. பாடம் நடத்துபவர்களின் பெயர் இருக்கிறதா, அவர்கள் வானியல் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்களா என்று ஆர்கைவில் தேடுங்கள். கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாளே 'ஏற்கப்பட்டது' என்று வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். வானியல், மருத்துவம், மேலாண்மை எல்லாவற்றுக்கும் ஒரே ஹோட்டல் அரங்கில் ஒரே நாளில் மாநாடு என்றால் தள்ளி நில்லுங்கள். முதல் அளவுகோலில் இந்த வழிக்குப் பூஜ்யம்தான். ஆராய்ச்சி இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது இப்படிப்பட்ட சான்றிதழ்கள் எடை கூட்டாது. சில நேரம் குறைத்தும்விடும்.

ஒரே பார்வையில்

| | திருத்தும் ஆள் | உண்மைச் செலவு | காலம் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வீட்டிலிருந்து திறந்த தரவு | இல்லை | இணையம். சான்றிதழுக்கு 1,000 ரூபாய் அளவு | எப்போதும் | எல்லோருக்கும், முதல் படியாக |
| கோடைப் பள்ளி | ஓரளவு | போகவர. சில இடங்களில் தங்குமிடமும் | மே, ஜூன். தேர்வோடு மோதலாம் | பிஎஸ்சி கடைசி ஆண்டு, எம்எஸ்சி, பொறியியல் |
| ஆய்வு இன்டர்ன்ஷிப் | வாரந்தோறும் | முன்பணம். உதவித்தொகை பிறகு வரும் | இரண்டு மாதம். முந்தைய நவம்பரிலேயே விண்ணப்பம் | கொஞ்சம் வேலை செய்து காட்டியவர் |
| இந்திய வானியல் சங்கக் கூட்டம் | போஸ்டர் இருந்தால் உண்டு | ஊரைப் பொறுத்தது | சில நாட்கள் | காட்ட முடிவு இருப்பவர் |
| வெளிநாட்டு மாநாடு | உண்டு | விசா, விமானம், காப்பீடு | சில நாட்கள். தயாரிப்பு மாதக்கணக்கில் | முனைவர் பட்ட மாணவர், உதவித்தொகையோடு |
| பணம் கட்டும் சான்றிதழ் | இல்லை | சொல்வதைவிட அதிகம் | நினைத்த நேரம் | யாருக்கும் இல்லை |

அப்படியானால் யார் எதை எடுப்பது

பிஎஸ்சி இரண்டாம் ஆண்டு மாணவரே, இந்த ஆண்டு எங்கும் போக வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பைத்தானும் ஹெச்டிஆர்யூ2-வும். அக்டோபரில் அந்த வேலையை வைத்து அகாடமிகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பம். கிடைக்காவிட்டால் ஜனவரிக்குப் பிறகு, உங்கள் ஆண்டை ஏற்பார்களா என்று பார்த்துவிட்டு, ஐயூக்கா கோடைப் பள்ளி. மூன்றாம் ஆண்டில் அதே வரிசை மறுபடியும். இரண்டு தடவை மறுத்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மலைபோல் வருகின்றன.

பொறியியல் மாணவருக்கு என் யோசனை வேறு. உங்களிடம் இல்லாதது வானியல்தான், அதனால் இன்னொரு ஏஐ பாடத்தில் நேரம் போட வேண்டாம். சிட்னி பல்கலைக்கழகப் பாடத்தை முடித்து, கோடைப் பள்ளிக்கு முயலுங்கள். மாநாட்டுப் பேப்பர் வேலைக்கு உதவுமா என்றால், ஐடி கம்பெனி நேர்காணலில் அதைவிட நீங்கள் எழுதிய கோடிங்கைப் போட்டு வைக்கும் கிட்ஹப் பக்கம்தான் அதிகம் பேசும். ஆராய்ச்சிக்குப் போவதாக இருந்தால் பேப்பர் தானாக வரும், அவசரமில்லை. ஓசூரில் வீடு இருந்தால் வார இறுதி வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் தங்க வீட்டில் விடமாட்டார்கள் என்று எழுதும் தங்கைகள் பலர். அவர்களுக்கு மாநாட்டைவிட இன்டர்ன்ஷிப் கேட்பது எளிது என்பது என் அனுபவம். அரசு ஆய்வு நிறுவனம், வளாகத்துக்குள் விடுதி, பெயர் சொல்லி வந்த கடிதம் என்று மூன்றும் இருந்தால் வீட்டில் பேச ஒரு பிடி கிடைக்கும். விடுதி உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் வந்தால் அதை அச்சடித்து வீட்டில் காட்டலாம். இணையவழியிலேயே ஆய்வில் கலந்துகொள்ளவும் வழி உண்டு. ஆனந்த ஹோட்டா 2013இல் தொடங்கிய ராட்@ஹோம் என்ற குழு, பொதுமக்களுக்கு ரேடியோ வானியல் படங்களைப் பார்த்து ஆராயப் பயிற்சி தருகிறது. கண்ணால் பார்த்து வகைப்படுத்தப் பழகியவருக்கு, மாடல் எங்கே தடுமாறும் என்பதும் பிடிபடும்.

ஆசிரியைக்கு: அகாடமிகளின் திட்டத்தில் ஆசிரியர்களுக்குத் தனி இடம் இருப்பது நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரியவில்லை. கல்லூரி முதல்வரின் ஒப்புதல் கடிதத்தை அக்டோபர் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள், விடைத்தாள் திருத்தும் பணி மே மாதம் வரும் என்பதையும் அவரிடம் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வாரம் ஒரு மாலை ஹெச்டிஆர்யூ2-வைத் திறந்து வைத்து, மாணவர்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் இல்லாத திருத்தும் கை அப்போது வந்துவிடும்.